4-2-3-1 என்று மட்டும் எழுதினால் எப்படி? ஃபுட்பால் மேனேஜர் கேள்வி-பதில்

ஃபுட்பால் மேனேஜர் என்பது ஒரு கால்பந்து அணியை நாமே நிர்வகிக்கும் கணினி கேம். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதன் 24 (2024) பதிப்பைப் பற்றியவை. 25 வெளிவராமலே ரத்தாகிவிட்டதால் பலரும் சேமித்து வைத்த பழைய ஆட்டத்தையே இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வேறு பதிப்பு என்று சொல்லாத இடத்தில் எல்லாம் 24 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த மைதானத்தில் 22 ஷாட் அடித்தோம், எதிரணி அடித்தது 3. தோற்றது 0-1. இந்த மாதம் இது மூன்றாவது தடவை. கேம் வேண்டுமென்றே நம்மைத் தோற்கடிக்கிறதா? (திருநெல்வேலி)

இல்லை. 22 என்ற எண்ணை மறந்துவிட்டு எக்ஸ்ஜி-யைப் பாருங்கள், அதாவது ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டினால் வரும் எண்ணை. நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் 22 ஷாட்டுக்கும் சேர்த்து 1.1 சொச்சம்தான். ஒரு ஷாட்டுக்கு 0.05. இருபது தடவை அடித்தால் ஒரு தடவை உள்ளே போகும், அவ்வளவுதான். எதிரணிக்கு 3 ஷாட்டில் 0.9. அவர்களுடைய ஒவ்வொரு ஷாட்டும் உங்களுடைய ஆறு ஷாட்டுக்குச் சமம். சமமான ஆட்டம் ஒன்றில் ஒரு கோலில் தோற்றிருக்கிறீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், உங்களைவிடச் சின்ன அணி உங்கள் ஊருக்கு வந்தால் பாக்ஸுக்கு முன்னால் பத்துப் பேரை நிறுத்திவிடும். நீங்களோ மென்டாலிட்டியை (அணி எவ்வளவு துணிந்து ஆட வேண்டும் என்பது) அட்டாக்கிங்கில் வைத்து, டெம்போவையும் (பந்தை நகர்த்தும் வேகம்) ஏற்றி, முன்னால் இருக்கும் நான்கு பேருக்கும் அட்டாக் டியூட்டி, அதாவது முன்னேறிப் போகும் பொறுப்பு, கொடுத்திருக்கிறீர்கள். நான்கு பேரும் போய் எதிரணியின் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பந்து வைத்திருக்கும் நடுக்கள வீரருக்குக் கொடுக்க ஆள் இல்லை. அவசரம் வேறு. 25 மீட்டரிலிருந்து அடித்துவிடுகிறார்.

மென்டாலிட்டியைப் பாசிட்டிவுக்கு இறக்குங்கள். அது போதாவிட்டால் முன்னால் இருப்பவர்களில் ஒருவரை சப்போர்ட்டுக்கு மாற்றுங்கள். அவர் இறங்கி வந்தால் ஒரு டிஃபெண்டரும் கூடவே வருவார், பின்னால் இடம் பிறக்கும். அதற்கும் பிறகுதான் பந்தை பாக்ஸுக்குள் கொண்டுபோகச் சொல்லும் கட்டளை. மூன்றையும் ஒரே மேட்ச்சில் செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

4-2-3-1 வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? யாருக்கு என்ன ரோல், என்ன டியூட்டி, எந்த லீக், யாரிடம் தோற்றீர்கள், எதுவுமே இல்லை. ஃபார்மேஷன் என்பது பந்து நம்மிடம் இல்லாதபோது ஆட்கள் நிற்கிற இடம். பந்து வந்த பிறகு நடப்பதையெல்லாம் ரோலும் டியூட்டியும்தான் தீர்மானிக்கின்றன. விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

கீழ் லீக்கில் ஐந்து ஸ்டார் காட்டிய பையன், பிரமோஷன் கிடைத்ததும் இரண்டரை ஸ்டார் ஆகிவிட்டான். கேமில் பிழையா? (தஞ்சாவூர்)

பிழை இல்லை. ஸ்டார் என்பது உங்கள் அணியில் இருக்கும் மற்றவர்களோடு வைத்துப் பார்க்கும் மதிப்பு. அணி உயர்ந்தது, ஸ்டார் குறைந்தது. அவனுடைய திறன் எண்களை (20-க்கு எவ்வளவு என்று காட்டுபவை) பாருங்கள், அவை அப்படியே இருக்கும்.

அண்ணா, ஒரு டேக்டிக் ஃபைலை டவுன்லோடு செய்து போட்டேன். முதல் சீசனில் 9-ஆம் இடம் எதிர்பார்த்த அணி 3-ஆம் இடம் வந்தது. இரண்டாவது சீசனில் அதே ஃபைல், அதே ஆட்கள், 14-ஆம் இடம். வேறு நல்ல ஃபைல் இருந்தால் அனுப்ப முடியுமா? (கோவை)

முடியாது தம்பி. இந்தக் கேள்வி மாதம் பத்துத் தடவையாவது வருகிறது, இந்தத் தடவை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் சீசனில் உங்களை யாரும் பெரிய அணியாக நினைக்கவில்லை. உங்கள் மைதானத்துக்கு வந்தவர்கள்கூட ஜெயிக்கத்தான் ஆடினார்கள். முன்னேறி வந்தார்கள், பின்னால் இடம் விட்டார்கள். உயரமான டிஃபென்ஸ் லைன், வேகமான டெம்போ, பந்து போனவுடன் பாய்ந்து பறிப்பது என்று அந்த ஃபைல் முழுக்க அந்த இடத்தைத்தான் நம்பியிருந்தது. 3-ஆம் இடம் வந்ததும் உங்கள் பெயர் ஏறிவிட்டது. இப்போது வருபவர்கள் ஒரு பாயிண்ட் கிடைத்தால் போதும் என்று பின்னால் உட்காருகிறார்கள். ஓடிப்போக இடம் இல்லை. ஃபைலுக்கு இது தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஃபைலை எழுதியவர் திறமைசாலியாகவே இருக்கட்டும், ஸ்டாமினாவும் வேகமும் 15 இருக்கிற ஆட்களை வைத்து அவர் சோதித்ததை 11 இருக்கிற ஆட்கள்மேல் போட்டால் என்ன ஆகும்?

நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன்தான். இங்கிலாந்தின் ஆறாம் அடுக்கில் ஒரு சின்ன கிளப். ஃபைலைப் போட்டு 11 மேட்ச் ஆடினேன், 7 தோல்வி. ஒரு ராத்திரி ஹைலைட்ஸை நிறுத்திவிட்டு, ஃபுல் மேட்ச்சில் வைத்து, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 17-ஆவது நிமிடம் ஒரு கோல், 41-இல் ஒன்று, 63-இல் ஒன்று. மூன்றும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவை. ஓரத்தில் ஏறி ஆடும் டிஃபெண்டரான என் இடது விங்பேக்குக்கு அட்டாக் டியூட்டி. அவருக்கு முன்னால், ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வரும் இன்சைட் ஃபார்வர்டுக்கும் அட்டாக். பக்கத்தில் இருந்த நடுக்கள வீரர் மெட்ஸாலாவுக்கும் அட்டாக். பந்து போகும்போது மூன்று பேருமே எதிரணி பாக்ஸுக்குள் நிற்கிறார்கள். எதிரணியின் வலது விங்கர் வெறும் புல்லில் 40 மீட்டர் ஓடுகிறார். என் இடது சென்டர்பேக் அவரைப் பிடிக்க ஓரத்துக்கு இழுபடுகிறார். கிராஸ் வருகிறது. நடுவில் என் இன்னொரு சென்டர்பேக் தனியாக, அவரைச் சுற்றி இரண்டு பேர். மூன்று தடவையும் இதே படம்.

விங்பேக் ரோலை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஏறாத ஃபுல்பேக் ரோல், சப்போர்ட் டியூட்டி என்று மாற்றினேன். அது ஒன்றைத்தான் மாற்றினேன். அடுத்த ஐந்து மேட்ச்சில் மூன்று வெற்றி, ஒரு டிரா. ஸ்கோரைவிட எனக்கு முக்கியம், அந்தப் பக்கத்திலிருந்து கோல் வருவது நின்றது.

சொந்தமாக டேக்டிக் போடும்போது ஜோடி ஜோடியாக யோசியுங்கள். ஒருவர் போனால் ஒருவர் நிற்க வேண்டும். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் ஓரத்தில் அகலம் கொடுக்க வேண்டும். 2015-16இல் 81 பாயிண்ட் எடுத்து பிரீமியர் லீக்கை ஜெயித்த ரானியேரியின் லெஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 4-4-2தான். வார்டி பின்னால் ஓடினார், ஓகசாகி இறங்கி வந்து தொல்லை கொடுத்தார். கான்டே பந்தைப் பறித்தார், டிரிங்க்வாட்டர் அதை முன்னால் அனுப்பினார். வலதில் மஹ்ரெஸ் இடது காலோடு உள்ளே வெட்டி வந்தார், இடதில் ஆல்பிரைட்டன் ஓரத்திலேயே நின்று கிராஸ் போட்டார். பின்னால் மார்கனும் ஹூத்தும் தங்கள் இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஈடுகட்ட இன்னொரு ஆள். இதை ஒரு காகிதத்தில் உங்கள் பதினோரு பேருக்கு எழுதிப் பாருங்கள், ஓட்டை எங்கே என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த ஃபைலை அழிக்கக்கூட வேண்டாம். திறந்து, யாருக்கு என்ன டியூட்டி என்று படியுங்கள். நாலு அட்டாக் டியூட்டிக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறையுங்கள். ஐந்து மேட்ச் பொறுங்கள். மேட்ச்சைப் பாருங்கள்.

ஒன்று-சைபரில் முன்னிலை. 80-ஆவது நிமிடம் வெரி டிஃபென்ஸிவ் மென்டாலிட்டிக்குப் போகிறேன். அப்படியும் கடைசியில் கோல் வாங்குகிறோம். (சேலம்)

"அப்படியும்" இல்லை, அதனால்தான். அந்த அளவுக்கு இறங்கினால் மொத்த அணியும் உங்கள் பாக்ஸுக்குள் வந்துவிடும். பந்தைத் தூக்கி அடிப்பார்கள், முன்னால் வாங்க ஆள் இல்லை, பத்து விநாடியில் திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு கிராஸ், இல்லையென்றால் ஒரு கார்னர். பத்து நிமிடத்தில் எட்டு கிராஸ் வந்தால் ஒன்று உள்ளே போகத்தான் செய்யும்.

அதைவிடக் குறைவாக இறங்கும் காஷியஸ் போதும். டெம்போவை ஒரு படி குறைத்து, நேரம் கடத்துவதை ஒரு படி ஏற்றுங்கள். வேகமான ஒருவரை முன்னாலேயே விட்டுவையுங்கள், அவருக்காகவே எதிரணி இரண்டு பேரைப் பின்னால் நிறுத்த வேண்டியிருக்கும். அப்புறம், மாற்று ஆட்கள். பிரீமியர் லீக்கில் 2022-23 முதல் ஐந்து பேரை மாற்றலாம். நீங்கள் 88-ஆவது நிமிடத்தில் இரண்டு பேரை மாற்றியிருக்கிறீர்கள். 65 வாக்கிலேயே ஃபுல்பேக்கையும் விங்கரையும் மாற்றுங்கள், முதலில் களைப்பது அவர்கள்தான்.

பிரீமியர் லீக் கிளப். 300 மில்லியனுக்கு ஆள் எடுத்துவிட்டேன், இப்போது நான்கு பேரைப் பதிவு செய்ய முடியவில்லை. வழி இருக்கிறதா? (சென்னை)

ஜனவரி வரை இல்லை. 25 பேர் பட்டியலில் ஹோம்குரோன் இல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஹோம்குரோன் என்றால் இங்கிலாந்துக்காரர் என்று அர்த்தம் இல்லை; 21 வயதுக்குள் அங்கே அல்லது வேல்ஸில் இருக்கும் கிளப்பில் மூன்று வருடம் பதிவாகியிருக்க வேண்டும். 16 வயதில் ஆர்சனலுக்கு வந்த ஸ்பெயின்காரர் ஃபாப்ரேகாஸ் பிற்பாடு செல்சிக்கு ஆடியபோது ஹோம்குரோன்தான். காசைக் கொடுக்கும் முன் விதிகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று போன தடவையும் எழுதினேன்.

கவுன்ட்டர் ப்ரெஸ் (பந்து போனவுடன் பாய்ந்து பறிப்பது) ஆடுகிறோம். டிசம்பருக்குள் ஏழு பேர் காயம். மெடிக்கல் ஸ்டாஃப் சரியில்லையா? (ஈரோடு)

ஸ்டாஃப்மேல் பழி போடாதீர்கள். இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் லீக் மட்டுமே 46 மேட்ச், கப் தனி. வாரத்துக்கு இரண்டு மேட்ச் இருக்கும்போது நீங்கள் சீசன் தொடங்கும் முன் போட்ட பயிற்சி அட்டவணையையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், உடற்பயிற்சி செஷன் மூன்று அப்படியே இருக்கிறது. இரண்டு மேட்ச் வாரத்தில் ரெகவரியும் மேட்ச் தயாரிப்பும் போதும். மெடிக்கல் சென்டரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று பெயரோடு காட்டுகிறது, மேட்ச்சுக்கு முந்தைய நாள் அதைப் பார்த்துவிட்டு அணியைத் தேர்ந்தெடுங்கள். 2-0 முன்னிலையில் 60-ஆவது நிமிடம் ப்ரெஸ்ஸிங்கை ஒரு படி குறைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆள் வாங்கும்போது நேச்சுரல் ஃபிட்னெஸ் 10-க்குக் கீழ் இருந்தால் இந்த ஆட்டத்துக்கு அவர் வேண்டாம்.

ஸ்ட்ரைக்கர் 9 மேட்ச்சாக கோல் அடிக்கவில்லை. விற்றுவிடலாமா? (நாகர்கோவில்)

அந்த 9 மேட்ச்சில் அவர் எத்தனை ஷாட் அடித்தார்? நல்ல இடத்திலிருந்து அடித்துத் தவறவிட்டால் பொறுங்கள், வரும். ஷாட்டே இல்லையென்றால் குறை பந்து கொடுப்பவர்களிடம்.

சீனியர்களின் குணம் இளையவர்களுக்கு வரட்டும் என்று மென்டரிங் குரூப்பில் போட்ட பையனின் டிடர்மினேஷன் (மனஉறுதி எண்) ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிட்டது. (மதுரை)

குரூப்பில் யாரைப் போட்டீர்கள்? மூன்று பேராவது இருந்தால்தான் குரூப் அமையும், இடத்தை நிரப்ப எவரையோ சேர்த்திருப்பீர்கள். நல்ல குணம் பரவுவதுபோலவே கெட்ட குணமும் பரவும். அணியில் செல்வாக்கு உள்ள சீனியரின் வார்த்தைதான் எடுபடும், அவர் சோம்பேறி என்றால் பையனும் அப்படித்தான் வருவான். புரொஃபஷனல், மாடல் சிட்டிஸன் என்று குணம் காட்டுபவர் யாருமே இல்லை என்றால் குரூப்பே வேண்டாம். 33 வயதில் அப்படி ஒருவர் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். 15 மேட்ச் ஆடினாலும் போதும். இளைஞர் பிரிவுத் தலைவரின் குணம் புதிதாக வரும் பையன்களிடம் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். மார்ச் வாக்கில் புதிய பையன்கள் வருவதற்குள் அந்தப் பதவியில் நல்ல ஆளை வையுங்கள்.

26 பதிப்பில் பந்து இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது ஒன்று என்று இரண்டு போடச் சொல்கிறது. தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது? (புதுச்சேரி)

நல்ல கேள்வி. பந்து இல்லாத படத்திலிருந்து தொடங்குங்கள். 4-4-2 மாதிரி தெளிவான ஒன்று. அப்புறம் அதிலிருந்து ஒரே ஒரு ஆளை நகர்த்தி இரண்டாவது படத்தைப் போடுங்கள். 2022-23இல் மூன்று கோப்பை ஜெயித்த மான்செஸ்டர் சிட்டியில் ஸ்டோன்ஸ் செய்தது இதுதான். பந்து இல்லாதபோது டிஃபெண்டர், பந்து வந்ததும் நடுக்களத்தில் ரோட்ரிக்குப் பக்கத்தில். பின்னால் மூன்று, அவர்களுக்கு முன்னால் இரண்டு. நகர்ந்த தூரம் பத்துப் பதினைந்து மீட்டர்தான், பந்து போனால் உடனே திரும்பிவிடலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் வலது விங்கர் பந்து இல்லாதபோது இடது பக்கம் வருகிறார். ஒவ்வொரு தடவை பந்து போகும்போதும் அவர் மைதானத்தின் முழு அகலத்தையும் கடக்க வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் கோல் விழுந்துவிடும். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கோடு போட்டுப் பாருங்கள். நீளமான கோடு எதுவோ அதை முதலில் சுருக்குங்கள்.

கார்னரில் கோலே வருவதில்லை. ஏதாவது வழி? (வேலூர்)

கார்னர் எடுப்பவரின் கார்னர் திறன் எண் எவ்வளவு? நீங்கள் வைத்திருப்பவருக்கு 8. உங்கள் ரிசர்வ் இடது ஃபுல்பேக்குக்கு 15 இருக்கிறது, படத்திலேயே தெரிகிறது. அவரை ஆட வைத்து, 1.94 மீட்டர் சென்டர்பேக்கை நியர் போஸ்ட்டுக்கு அனுப்பி, கோல்கீப்பருக்கு முன்னால் ஒருவரை நிறுத்துங்கள். பத்து மேட்ச் கழித்து எழுதுங்கள்.