டீச்சரிடம் கேளுங்கள்: ‘வீட்டுக்குச் சொல்வது என் கடமையா?’

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகள் நம் பள்ளிகளில் படும் பாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். பெயர், ஊர் எதுவும் போடவில்லை.

அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் ரெக்கார்ட் நோட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தான். தனக்குப் பையன்கள் மேல்தான் ஈர்ப்பு வருகிறது, உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்று எழுதியிருந்தான். பெயரைச் சொல்லாமல் சக ஆசிரியரிடம் யோசனை கேட்டேன். “பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் நம் கடமை” என்கிறார். கூப்பிட வேண்டுமா?

கூப்பிட வேண்டாம் சார்.

முதலில் அந்தச் சீட்டை அவனிடமே திருப்பிக் கொடுங்கள். ரெக்கார்ட் நோட்டு எத்தனை கை மாறும் என்று உங்களுக்குத் தெரியாததா? கொடுக்கும்போது, “படித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். எப்போது பேசத் தோன்றினாலும் வா” என்று சொன்னால் போதும். “வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாயிடும்” என்ற வசனம் மட்டும் வேண்டாம். அவன் இத்தனை நாள் எல்லா ஆசிரியர்களையும் கவனித்துவிட்டுத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது என்று அவன் நினைத்தால், அடுத்து வேறு எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்க மாட்டான்.

வீட்டுக்கு ஏன் சொல்லக்கூடாது? சொன்னால் என்ன நடக்கும் என்று நம் ஊர் நிலவரம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போனைப் பிடுங்குவார்கள், அடி விழும், மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள், சில வீடுகளில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். எல்லா வீடும் அப்படி இல்லைதான். ஆனால் தன் வீடு எப்படிப்பட்டது என்று உங்களைவிட அவனுக்குத் தெரியும். எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது அவனைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருந்தால் போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் செய்தே ஆக வேண்டும். “பையன்களுக்குள்ளே விளையாட்டு” என்று பூசி மெழுக முடியாது. உயிரை விடுவது பற்றிப் பேசினாலும் அதை உங்களோடு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அப்போதும் “இதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும்” என்று முதலில் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவனுக்கு யார் மேல் ஈர்ப்பு என்ற தகவல் அந்தப் புகாரில் இடம்பெற வேண்டிய அவசியமில்லை. பையன் மேல் ஈர்ப்பு வருவது மட்டும் எந்தச் சட்டத்தின் கீழும் புகாருக்குரிய விஷயம் கிடையாது.

அப்புறம் அந்தச் சக ஆசிரியர். பெயரைச் சொல்லாமல் விட்டது நல்லது. தொடர்ந்து அப்படியே இருங்கள். எனக்கு மாணவர்களைவிட ஸ்டாஃப் ரூம்தான் பெரிய கவலை. மென்மையாக நடக்கிற பையனைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்க வைக்கிற ஆசிரியர் அநேகமாக எல்லாப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார். வகுப்பில் “ஒன்பது” என்று ஒருவன் கத்தும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் பாலியல், பாலினச் சிறுபான்மை இளைஞர்களிடம் சென்னையின் சகோதரன் அமைப்போடு சேர்ந்து யுனெஸ்கோ ஓர் ஆய்வு நடத்தி 2019-இல் வெளியிட்டது. அதில் 60 சதவீதம் பேர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல் ரீதியான துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பள்ளியில் புகார் செய்தவர்களோ 18 சதவீதம்தான். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. புகார் சொல்லப் போனால் வரும் முதல் கேள்வி, “நீ ஏன் அப்படி நடக்கிறே?” என்பதுதானே.

அடுத்த முறை வகுப்பில் அந்தச் சொல் காதில் விழுந்தால் பாடத்தை நிறுத்துங்கள். பிரசங்கம் வேண்டாம். “என் வகுப்பில் இந்தச் சொல் கிடையாது” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். யாரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னீர்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சீட்டு எழுதியவனுக்கு மட்டும் புரியும். எழுதாமல் உட்கார்ந்திருக்கிற வேறு யாருக்காவதும் புரியலாம்.

என் மகள் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு தோழியோடு ‘அளவுக்கு மீறி’ பழகுகிறாள் என்று இருவரையும் வேறு வேறு செக்‌ஷனில் போட்டுவிட்டார்கள். மனநல மருத்துவரிடம் காட்டி, ‘சரியாகிவிட்டது’ என்று சான்றிதழ் வாங்கி வந்தால்தான் பிளஸ் ஒன் சீட், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

அப்படி ஒரு சான்றிதழே கிடையாது அம்மா. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-இல் இது நோயல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோயே இல்லாததற்குக் குணமானதாக எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்?

போடுகிறவர் இருந்தால் அவருக்குத்தான் சிக்கல். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்கள், பெற்றோரிடமிருந்தும் போலீஸிடமிருந்தும் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அதில் பிறப்பித்த உத்தரவு, ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைக்குத் தடை போட்டது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. (அந்த நீதிபதியிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். நம் தலைமையாசிரியர்களில் எத்தனை பேர் அப்படி உட்காருவார்கள்!)

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். “நீங்கள் கேட்கும் சான்றிதழ் என்ன, எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தரவும்” என்று இரண்டே வரி. நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் மிரட்டுகிற நிர்வாகங்கள் பேப்பர் என்றதும் இறங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். இறங்காவிட்டால் அதே நகலோடு முதன்மைக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

மகளிடம் “நீ அந்த மாதிரியா?” என்று கேட்காதீர்கள். வெறும் சிநேகமாக இருக்கலாம், அதற்கு மேலாகவும் இருக்கலாம், அவளுக்கே இன்னும் தெரியாமலும் இருக்கலாம். மூன்றில் எதுவானாலும் அவள் உங்கள் மகள்தான். இன்றைக்கு மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேளுங்கள். செக்‌ஷன் மாற்றப்பட்ட பிள்ளை பல நாள் தனியாகத்தான் சாப்பிடும்.

டீச்சர், நான் பிளஸ் டூ படிக்கிறேன். எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று எட்டாவதிலிருந்தே தெரியும். என் பெஸ்ட் ஃப்ரெண்டிடம் சொல்லலாமா?

சொல்லலாம்மா. அதற்கு முன்னால் ஒன்று பார். அடுத்தவர்கள் தன்னிடம் சொன்ன ரகசியங்களை அவள் உன்னிடம் எப்படிப் பேசுகிறாள்? உன்னிடம் கொட்டுகிறவள் உன் விஷயத்தையும் வேறு எங்காவது கொட்டத்தான் செய்வாள். சொல்வதானால் நேரில் சொல், வாட்ஸப்பில் வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், பள்ளி முழுக்கச் சுற்றிவர. பரீட்சைக்கு முந்தைய வாரமும் வேண்டாம். அவள் முகம் கொஞ்சம் மாறினால்கூட உனக்குப் படிப்பு ஓடாது.

உன்னிடம் குற்றம் எதுவும் இல்லை. வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணைத் தன் இணையோடு போக அனுமதித்தது. தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. திருமண உரிமை இன்னும் வரவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது. இப்போதைக்கு நீ நன்றாகப் படித்து, சொந்தக் காலில் நிற்கிற வழியைப் பார். இதைத் தள்ளிப்போடுகிற பெரியவர்கள் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. கையில் சம்பளம் இருந்தால் வீட்டில் பேசும்போதுகூடக் குரல் வேறு மாதிரி இருக்கும்.

மனசு ரொம்பக் கனமாகிற ராத்திரியில் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் பண்ணு, 24 மணி நேரமும் எடுப்பார்கள். யாராவது அடித்தாலோ பூட்டி வைத்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினால் போதாதா? இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால்தானே பிள்ளைகளுக்கு வருகிறது?

நான் முப்பது வருஷம் திரிகோணமிதி சொல்லிக் கொடுத்தேன். அதுவே பாதிப் பேருக்கு வரவில்லை.

சின்ன ஊர், சின்னப் பள்ளி. ஆலோசகர் கிடையாது, நிதியும் கிடையாது. தலைமையாசிரியையாக நான் எங்கிருந்து தொடங்குவது?

கழிவறையிலிருந்து. கேலியும் அடியும் பெரும்பாலும் வகுப்பறையில் நடப்பதில்லை மேடம். கழிவறை வாசல், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், வேனின் கடைசி சீட், பி.டி. பீரியட், இங்கேதான் நடக்கும். இடைவேளையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன் உங்கள் பள்ளியிலும் இருப்பான். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் ஒற்றைக் கழிவறையை யார் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்துவிடுங்கள். எல்லாருக்கும் பொதுவான கழிவறை வேண்டும் என்பது நான் மேலே சொன்ன 2021 உத்தரவின் பரிந்துரைகளிலும் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பெற்றோருக்கு இதைப் பற்றிப் புரியவைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருப்பீர்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது? பிள்ளைகள் பயப்படுகிற ஆசிரியரிடம் இருந்தால் அதில் மிட்டாய்க் காகிதம்தான் விழும். தவிர, எல்லார் கையெழுத்தும் தெரிந்த வகுப்பாசிரியர் அந்தச் சீட்டுகளைப் படிக்க வேண்டாம்.

மேலிடத்துக் கையேடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று என்.சி.இ.ஆர்.டி. 2021-இல் ஒரு பயிற்சிக் கையேடு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே ஓரினம், ஈர்ப்பு என்று ஆரம்பித்தால் பாதி நாற்காலி காலியாகும். கேலியிலிருந்து ஆரம்பியுங்கள். குண்டாக இருப்பதற்காக, கறுப்பாக இருப்பதற்காக, நடக்கிற விதத்துக்காக என்று பேசிக்கொண்டே வந்தால் அந்த வரிசையில் இதுவும் வந்து சேரும். பேச ஆள் வேண்டுமானால் மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் உளவியலாளரைக் கேட்டுப் பாருங்கள். மேடை ஏற்றுவதற்கு முன்னால் அவரோடு அரை மணி நேரம் தனியாகப் பேசிவிடுங்கள். படித்தவர்களிலும் “இது சரியாயிடும் சார்” என்கிறவர்கள் இருக்கிறார்கள்.