கேள்வி–பதில்: மாலை இல்லை, கண்ணீர் உண்டு

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் இறந்தபோது, வடக்குக் கவிஞர்களும் அவருக்காகப் பாடினார்கள் என்று போன இதழில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்டவருக்கு எதற்குக் கண்ணீர்?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: கோபம் நியாயமானது. பாடியவருக்கும் அந்தக் கோபம் இருந்தது என்பதுதான் விஷயமே.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1863 மே 2, வர்ஜீனியாவில் சான்ஸலர்ஸ்வில். சாயங்காலம் வடக்குப் படையின் பக்கவாட்டில் சுற்றிவந்து அடித்து நொறுக்கிய ஜாக்சன், இருட்டிய பிறகு முன்னணி நிலவரம் பார்க்கக் குதிரையில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரிக் குதிரைப்படை என்று நினைத்து அவருடைய வடகரோலினா ஆட்களே சுட்டுவிட்டார்கள். இடது கையை வெட்டி எடுத்தும் பயனில்லை. நிமோனியா வந்து மே 10 அன்று இறந்தார். வயது 39. (வெட்டிய கையைப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் குடும்ப இடுகாட்டில் தனியாகப் புதைத்தார்கள். அதற்கு ஒரு கல்லும் உண்டு. உடல் இருப்பது லெக்சிங்டனில்.)

அவரைப் பாடிய வடக்கத்தியர் ஹெர்மன் மெல்வில். ஆமாம், திமிங்கலக் கதை எழுதிய அதே நியூயார்க்காரர். 1866இல் போர்க் கவிதைகளாக ஒரு தொகுப்புப் போட்டார். அச்சிட்டதில் பாதிகூட விற்கவில்லை. அதில் ஜாக்சனுக்கு இரண்டு கவிதைகள். முதல் கவிதை எடுத்த எடுப்பிலேயே நீங்கள் கேட்டதைத்தான் கேட்கிறது: தவறின் பக்கம் தளராமல் நின்றவன், இவனை எப்படிப் புகழ்வது? 'தவறு' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறார், யாரும் கவனிக்காமல் போய்விடக் கூடாது என்பது போல. கடைசிப் பத்தியைச் சுமாராக இப்படிச் சொல்லலாம்:

ஈவிரக்கமின்றி எங்களை விரட்டினான்;
வீழ்ந்து கிடக்கிறான், இளகுகிறோம்.
அவன் புகழை நாங்கள் விலக்குவது நியாயமே.
மாலை போடும் கடன் எங்களுக்கில்லை, ஆகவே
பாடையின் மேல் ஒரு துளிக் கண்ணீர்.

'ஆகவே' என்ற இடத்தில் நில்லுங்கள். நாம் பார்த்த இரங்கற்பாக்களில் மாலையும் கண்ணீரும் கைகோத்துத்தான் வரும். மெல்விலுக்கு இரண்டும் வேறு வேறு கணக்கு. இறந்தவன் நல்லவனாகிவிடவில்லை, அவன் கொள்கையும் செத்தது, அவனும் வீணாகச் செத்தான் என்று கவிதை வாய்விட்டே சொல்கிறது. அழுவது மட்டும் தடையில்லை.

இன்னொரு வரி எனக்கு இதைவிட முக்கியம். தான் சரியென்று நம்பியதற்கு இவன் உண்மையாக இருந்தான், ஜான் பிரவுனைப் போல, எஃகைப் போல என்கிறார். ஜான் பிரவுன் யார்? அடிமைகளை விடுவிக்க ஆயுதம் தூக்கி, 1859 டிசம்பர் 2இல் வர்ஜீனியாவில் தூக்கில் தொங்கியவர். அந்தத் தூக்குமேடைக்குக் காவல் நின்ற ராணுவக் கல்லூரி மாணவர்களோடு பீரங்கிப் பிரிவுக்குப் பொறுப்பாக நின்ற வாத்தியார் யார் தெரியுமா? இதே ஜாக்சன்தான்! அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. தொங்கியவரையும் காவல் நின்றவரையும் ஒரே வரியில் நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும். அன்றைய வடக்கில் இதை ரசித்திருக்க மாட்டார்கள், தெற்கில் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது கவிதை ஒரு வர்ஜீனியாக்காரர் பாடுவதாக வருகிறது. பெருமிதம் வழிகிறது, முதல் கவிதையின் முள் அதில் இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். மாலை போட விரும்பியவர்கள் பிறகு 1919இல் ரிச்மண்டில் ஜாக்சனுக்குக் குதிரைச் சிலையே வைத்தார்கள். 2020 ஜூலையில் கிரேன் வைத்து இறக்கினார்கள். முதல் கவிதையில் அப்படி இறக்க வேண்டியது ஒன்றுமில்லை.

கேள்வி: பள்ளியில் 'பார்பரா ஃபிரிட்சி' என்ற ஆங்கிலப் பாட்டு மனப்பாடம் செய்திருக்கிறேன். கொடியைக் காப்பாற்றும் பாட்டி கதை. அதில் வரும் ஜாக்சன் இவர்தானா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், தஞ்சாவூர்

பதில்: இவரேதான். "அந்த நரைத்த தலையில் ஒரு முடியைத் தொட்டவன் நாயைப் போலச் சாவான்" என்று சிப்பாய்களை அடக்குவாரே, அவர். அப்படியொரு சம்பவம் நடக்கவில்லை என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். போகட்டும். எழுதிய விட்டியர், அடிமை ஒழிப்புக்காகவே பல ஆண்டுகள் எழுதியவர்; போரையே ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களில் ஒருவர். பாட்டு அச்சானது 1863 அக்டோபரில், ஜாக்சன் இறந்து ஐந்து மாதத்தில். முடிவில் அந்தப் பாட்டிக்காக ஸ்டோன்வாலின் பாடை மேல் ஒரு துளிக் கண்ணீர் விடச் சொல்கிறார். அப்போது போர் முடியவில்லை, சாவு விழுந்துகொண்டே இருந்தது.

கேள்வி: சொந்தப் பக்கத் தளபதிகளுக்கு வடக்கில் யாரும் பாடவில்லையா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நிறையப் பாடினார்கள். முக்கால்வாசி சடங்குக்குப் பாடியவை. 1864 ஜூலை 22இல் அட்லாண்டா அருகே வடக்குத் தளபதி மெக்ஃபெர்சன் இறந்தார், 35 வயது. திடீரென்று தெற்குச் சிப்பாய்கள் முன்னால் போய் மாட்டிக்கொண்டவர், வணக்கம் சொல்வது போலத் தொப்பியை உயர்த்திவிட்டுக் குதிரையைத் திருப்பினார், சுட்டார்கள். எதிர்ப்படைத் தளபதி ஹூட், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அவரோடு படித்தவர். இவருக்கும் மெல்வில் பாடியிருக்கிறார்: துணி சுற்றிய முரசு, கறுப்புப் போர்த்திய வெள்ளைக் குதிரைகள் என்று ஊர்வலம் அழகாகப் போகிறது. அந்தத் தொப்பி அதில் இல்லை. எனக்கு அது பெரிய குறை.

மாறாக, ஃபிலடெல்ஃபியாக் கவிஞர் போக்கர் எழுதியதைப் பாருங்கள். 1862 செப்டம்பர் 1, சாண்டிலியில் கொட்டும் மழையில் இறந்த வடக்குத் தளபதி ஃபிலிப் கார்னிக்கான பாட்டு. மெக்சிகோ போரிலேயே ஒரு கையை இழந்தவர் கார்னி. உடலைத் தெற்குத் தளபதி லீ வெள்ளைக்கொடியோடு திருப்பி அனுப்பினார். பாட்டுக்குள் இது எதுவும் கிடையாது, பெயர்கூடக் கிடையாது. "கண்ணை மூடுங்கள், அவன் வேலை முடிந்தது" என்று ஆரம்பித்து, நண்பன் யார், பகைவன் யார், இனி அவனுக்கென்ன என்று போகிறது. நம் போர்களெல்லாம் அவனுக்கு என்ன, சாவைப் பார்த்து நையாண்டி செய்யும் மடத்தனம்தானே என்றும் ஒரு வரி. எழுதியவர் ஒன்றியத்தை, அதாவது வடக்குத் தரப்பை, முழுமூச்சாக ஆதரித்தவர்!

கேள்வி: எல்லாம் தளபதிக்குத்தானா? சிப்பாய்க்குப் பாட்டு இல்லையா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வால்ட் விட்மன் இருக்கிறார். வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் கட்டில் கட்டிலாகப் போய்ச் சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். ஒஹையோ பண்ணை வீட்டுக்கு மகனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, வயலை விட்டு வாருங்கள் அப்பா என்று மகள் கூப்பிடும் கவிதையை முதலில் படியுங்கள். கையெழுத்து மகனுடையது அல்ல என்று அம்மாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அப்புறம் மெல்விலின் 'ஷைலோ' என்ற போர்க்களக் கவிதையையும் பாருங்கள், சின்னதுதான். காப்புரிமை எப்போதோ முடிந்தவை; இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும்.