அந்தரங்க இடத்தில் நீர்க்கொப்புளங்கள் வந்தால் பால்வினை நோய் என்றுதான் அர்த்தமா?

கேள்வி கேட்ட சகோதரி, சில வருடங்களுக்கு முன் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்ததைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. கொப்புளத்தைப் பார்த்த டாக்டரிடம் அதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

எனக்கும் அதே நோய்தான். ஆபரேஷனில் கருப்பையோடு இடுப்புக்குள் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (நிணநீர் என்பது திசுக்களிலிருந்து வடியும் நீர், அதை வடிகட்டும் சின்ன முடிச்சுகள் இவை) எடுத்தார்கள், அப்புறம் கரண்ட். எல்லாம் முடிந்து, செக்கப்பே வருஷத்துக்கு ஒரு தடவை என்றான பிறகு, அந்தரங்க இடத்தின் வெளி உதட்டில் வெந்த ஜவ்வரிசி மாதிரி கொத்துக் கொத்தாகக் கிளம்பியது. உரசினால் உடைந்து நீர் கசியும், சில நேரம் ரத்தமும் கலந்திருக்கும். உள்பாவாடை நனைந்துவிடும்.

தோல் டாக்டர் ஒருவர் பார்த்தவுடனே, உடலுறவில் தொற்றும் மரு என்றார். தடவ மருந்து கொடுத்து, வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொன்னார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன் வரிசையில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கு யார் மேல் சந்தேகம் என்று இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மருந்து எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் புற்றுநோய்க்குப் பார்த்த இடத்திலேயே ஒரு டாக்டரம்மா துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். புற்றும் இல்லை, தொற்றும் இல்லை. நிணநீர்க் குழாய்கள் விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். கணுக்களை எடுத்து, மிச்சப் பாதையும் கரண்டில் தழும்பாகிவிட்டால், நிணநீர் மேலே ஏற வழியில்லை. தேங்கித் தேங்கி, தோலை ஒட்டிய மெல்லிய குழாய்கள் உப்பிக் கொப்புளமாகத் தெரிகின்றன. அதனால்தான் வருஷங்கள் கழித்தும் வருகிறது. புற்றுநோயே வராதவர்களுக்கும் தொடை இடுக்கில் நெறி கட்டிய டிபி, யானைக்கால் நோய், குரோன் என்ற குடல் நோய், திரும்பத் திரும்ப வரும் தோல் தொற்று ஆகியவற்றால் வரலாம் என்றார்.

"நீ என்ன டாக்டரா?" என்று யாராவது வருவார்கள். இல்லைதான். மரு என்று சொல்கிற டாக்டர்களெல்லாம் தப்பு என்றும் நான் சொல்லவில்லை. நிஜ மருவும் பார்க்க இப்படி இருக்கும், அதனால்தான் பயாப்சி கேளுங்கள் என்கிறேன். நமக்கு ஏற்கெனவே புற்றுநோய் வந்திருப்பதால், மறுபடி அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும் அது வேண்டும்.

ஊசியால் குத்தி நீரை எடுக்காதீர்கள், கிருமி உள்ளே போகும். குளிர் காய்ச்சலோடு அந்த இடம் சிவந்து வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு லேசரில் எரித்தார்கள். கசிவு நன்றாகக் குறைந்தது, ஓரத்தில் சில மறுபடி முளைத்திருக்கின்றன. அறுத்து எடுப்பதும் உண்டு. எதைச் செய்தாலும் திரும்ப வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

லேசர் செலவுக்கு இன்சூரன்ஸில் கேட்டால், அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று கடிதம் போட்டார்கள். அந்த இடத்தை அழகுபடுத்தி யாருக்குக் காட்டப் போகிறேன்? வருஷா வருஷம் பிரீமியம் கட்டச் சொல்லி போன் மட்டும் தவறாமல் வருகிறது. மறுபரிசீலனைக்கு எழுதினேன், போட்டோ அனுப்பச் சொல்கிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.