ஒரே கிட்டாரில் டியூனிங்கை மாற்றி மாற்றி வைக்கலாமா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் ஒரே ஒரு அகூஸ்டிக் கிட்டார்தான். டிராப் டி, ஓப்பன் ஈ என்று மாற்றி மாற்றி வைத்தால் நெக் வளைந்துவிடுமா? ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் சாதாரண டியூனிங்கே நிற்பதில்லை, என்ன செய்ய?"

தாராளமாக மாற்றலாம். ஆனால் கம்பியை இறக்கி மாற்றுங்கள், ஏற்றி வேண்டாம். ஓப்பன் ஈ-க்கு (எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே ஈ மேஜர் கார்டு ஒலிக்கும் டியூனிங்) ஐந்தாவது, நாலாவது கம்பி ஒரு முழு டோனும் மூன்றாவது அரை டோனும் ஏற வேண்டும். பழைய கம்பி என்றால் பட்டென்று அறும், மலிவான கிட்டாரில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜே மெல்ல எழும்பிவிடும். அதே ஒலிதான் வேண்டும் என்றால் ஓப்பன் டி (டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி) வைத்து இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போடுங்கள், வேலை முடிந்தது. இறக்குவதால் நெக் வளையாது, இழுவைதான் குறைகிறது.

முதலில் டிராப் டி பழகுங்கள். தடித்த ஆறாவது கம்பியை மட்டும் டி-க்கு இறக்கி, நாலாவதோடு சேர்த்து மீட்டிப் பாருங்கள், ஒரு ஸ்தாயி வித்தியாசத்தில் இரண்டும் ஒன்றி ஒலிக்கும். ஜி கார்டின் பேஸ் மட்டும் இனி ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் டேட்கேட். ஆறு, இரண்டு, ஒன்று, இந்த மூன்றையும் ஒரு முழு டோன் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி வரும். 1960-களில் இங்கிலாந்தின் டேவி கிரஹாம் பரப்பியது. நம் கணக்கில் ச ப ச ம ப ச, தம்புராவில் ஒரு மத்யமம் சேர்த்த மாதிரி! திறந்த கம்பிகளில் காந்தாரமே இல்லாததால், காந்தாரம் வேறுபடும் கரகரப்பிரியாவும் வாசிக்கலாம், ஹரிகாம்போஜியும் வாசிக்கலாம். ஓப்பன் டி-யில் அந்தர காந்தாரம் திறந்த கம்பியிலேயே உட்கார்ந்திருப்பதால் கரகரப்பிரியாவுக்கு இடிக்கும். டேட்கேட்டிலும் கல்யாணி என்றால் மூன்றாவது கம்பியைத் திறந்து அடிக்காதீர்கள், அதில் சுத்த மத்யமம் நிற்கிறது, கல்யாணிக்கோ பிரதி மத்யமம். சுருதி 2 கட்டை. பாடுகிறவருக்கு 5 கட்டை வேண்டுமா, ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ.

இறக்கும்போது டி-க்கும் கீழே போய்விட்டு மறுபடி மேலேறி வந்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கம்பியைத் திருகும் கீயின் பல்லில் தளர்வு தங்கி பாதிப் பாட்டில் இறங்கிவிடும். திருகும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டால் கம்பி நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தாங்கி நிற்கும் பட்டை) பள்ளத்தில் சிக்குகிறது, அங்கே பென்சில் கரியைத் தேயுங்கள். மூன்று கம்பியை இறக்கினால் மற்றவை கொஞ்சம் ஏறும், அதனால் ஆறையும் இரண்டாவது சுற்று பார்க்க வேண்டும். டியூனர் பன்னிரண்டு சுரத்தையும் காட்டும் குரோமாட்டிக் மோடில் இருக்கட்டும்.

ஏற்காடு விஷயம் வேறு. சேலத்து வெயிலிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் குளிரில் கம்பி சுருங்கி இறுகுகிறது, ஈரத்தில் மரம் உப்புகிறது, சுருதி மேலே போகிறது. போனவுடன் கீயில் கை வைக்காமல் அரை மணி நேரம் பெட்டியிலேயே விட்டு, பிறகு வையுங்கள். கீழே இறங்கி வந்தால் இதே கதை தலைகீழாக நடக்கும். ஏப்ரல், மே மாதத்தில் மூடிய காரில் மட்டும் கிட்டாரை விட்டுவிடாதீர்கள், சூட்டில் பசை இளகும், அதற்கு எந்த டியூனிங்கும் உதவாது.

டேட்கேட்டிலேயே தொடர்ந்து வாசிப்பதாக இருந்து, ஆறாவது கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரைந்தால், பதின்மூன்றில் (முதல் கம்பி 0.013 அங்குலம்) தொடங்கும் தடிமனான செட்டுக்கு மாறுங்கள்.