பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலி நிரல் அமைக்கும் ப்யூர் டேட்டா (Pure Data) மென்பொருளில், எண்களைப் பிரித்து அனுப்பும் பெட்டியை, வாய்களின் எண்ணிக்கை மாறினாலும் குலையாதபடி அமைப்பது எப்படி?

நீங்கள் 'ரவுட்' (route) என்ற பிரிக்கும் பெட்டிக்குள் எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் வரும் வெளியேறும் வாயிலிருந்தும் ஒரு கோடு இழுத்து வைத்திருப்பீர்கள். பிறகு நடுவில் ஓர் எண்ணைச் சேர்த்திருப்பீர்கள். அதோடு எல்லாம் இடம் மாறியிருக்கும். சென்ற தீபாவளி நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு நானும் அதே சிக்கலில் மாட்டிக்கொண்டேன். அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் ஈசூனில் என் அக்கா பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறார். மரப்பலகைகள்மேல் பிள்ளைகள் காலால் தட்ட, ஒவ்வொரு பலகையும் அக்காவின் குரலில் ஒரு சொற்கட்டை, அதாவது நடனத்துக்கான தாளச் சொல்லை, சொல்ல வேண்டும். இதுதான் அவர் கேட்டது. சிம் லிம் டவரின் மின்னணுக் கடைகளில், அதிர்வை மின்குறியாக்கும் பியசோ தகடுகள் வாங்கிப் பலகைகளின் அடியில் ஒட்டினேன். மின் டிரம்களுக்கான ஒரு டிரம் மாட்யூல் அந்த அதிர்வை மிடி எண்ணாக, அதாவது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் எண்ணாக, மாற்றிக் கொடுத்தது. ஐந்து பலகைகளுக்கு 36, 38, 40, 42, 44. 'ரவுட் 36 38 40 42 44' என்று எழுதினால் ஆறு வாய்கள் வரும். ஆறாவது வாய், எதிலும் சேராத எண்களுக்கு. அதில், வந்ததைத் திரையில் காட்டும் ஒரு 'பிரிண்ட்' பெட்டியை மாட்டியிருந்தேன்.

கடைசி நாளில் ஆறாவதாக ஒரு பிள்ளை சேர்ந்தாள். அவளுடைய பலகைக்கு 39. வரிசை அழகாக இருக்கட்டும் என்று 38க்கும் 40க்கும் நடுவில் அதை எழுதினேன். ப்யூர் டேட்டா பெட்டியைப் புதிதாக உருவாக்கிவிட்டு, பழைய கோடுகளை வாய்களின் வரிசைப்படியே திரும்ப ஒட்டுகிறது. எந்தக் கோடு எந்த எண்ணுக்கு உரியது என்று அது பார்ப்பதில்லை. புதிய பிள்ளை மிதித்தால் 40இன் சொல் வந்தது. 40ஐ மிதித்தால் 42இன் சொல். 44 மிதிபட்டபோது சத்தமே இல்லை, திரையில் ஓர் எண் மட்டும் அச்சானது. தான் தவறாக ஆடிவிட்டதாக நினைத்து அந்தக் குழந்தை அழத் தொடங்கினாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் நான் கண்டுபிடித்த வழி, கோடுகளே இல்லாமல் பெயரால் அனுப்புவது. செய்திப் பெட்டியில் '; பலகை-$1 $2' என்று எழுதினால் ($1 பலகையின் எண், $2 தட்டிய வேகம்), 39 வரும்போது 'பலகை-39' என்ற பெயரில் காத்திருக்கும் பெட்டிக்கு அது போய்விடும். ஒரே ஒரு பேட்ச் (ப்யூர் டேட்டா கோப்பு) திறந்திருக்கும்வரை இது நன்றாக வேலை செய்யும். மேடையின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் இரண்டு பிரதிகளைத் திறந்தேன், இரண்டும் சேர்ந்து ஒலித்தன. தனிப்பெயருக்காக, ஒவ்வொரு பிரதியிலும் வேறு எண்ணாக மாறும் $0 சேர்த்துப் பார்த்தேன். செய்திப் பெட்டிக்குள் $0 வெறும் 0 ஆகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்வது, ஒரு கோப்பைப் பல பிரதிகளாக்கும் 'குளோன்' (clone) பெட்டி. 0.47 பதிப்பிலிருந்து ப்யூர் டேட்டாவிலேயே இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. ஒரு பலகைக்கு வேண்டியதை 'பலகை' என்ற தனிக் கோப்பாக ஒருமுறை செய்யுங்கள். பிறகு 'குளோன் -எஸ் 36 பலகை 9' என்று எழுதுங்கள் (-எஸ் என்பது -s, தொடக்க எண்ணைச் சொல்வது). 36 முதல் 44 வரை ஒன்பது பிரதிகள் உருவாகும். '39 90' என்ற பட்டியலை அனுப்பினால் முதல் எண் பிரதியைத் தேர்ந்தெடுக்கும், தட்டிய வேகமான 90 அந்தப் பிரதிக்குள் போகும். ஒவ்வொரு பிரதிக்கும் அதன் எண் $1 ஆகக் கிடைப்பதால், அந்த எண்ணைப் பெயரில் கொண்ட ஒலிக்கோப்பை அதுவே ஏற்றிக்கொள்ளும். பிரதிக்குள் ஒலியை வைத்திருக்கும் அணிகளின் (array) பெயரில் மட்டும் $0 சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒன்பதும் ஒரே பெயருக்குச் சண்டை போடும்.

லுவா, பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் இதை நான்கு வரியில் எழுதலாம் என்று யாராவது இங்கே சொல்லக்கூடும். எழுதலாம்தான். ஆனால் நிரல் எழுதத் தெரியாத என் அக்கா அந்தப் பெட்டியைத் திறந்து 9ஐ 12 ஆக்கிக்கொள்கிறார். எனக்கு அதுதான் முக்கியம். 'ரவுட்' மோசமான பெட்டி என்றும் நான் சொல்லவில்லை. மாறாத மூன்று நான்கு எண்களுக்கு இன்றும் அதையே பயன்படுத்துகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கோளாறு ஒத்திகையிலேயே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஒலிச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரம் முழுவதும் விருந்தினர்களுக்கு மாலை போடும் ஒத்திகைக்குப் போய்விட்டது. நம் நிகழ்ச்சிகளில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் ஒலிக்காரனுடைய நேரம்தான். கூட்டத்தின் முன்னால் மைக் கீச்சிட்டால், எல்லாரும் திரும்பிப் பார்ப்பதும் அவனைத்தான்.

அன்றிரவு கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றி முடிக்கும்போது மணி இரண்டு. குளோனுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். ஜூன் விடுமுறை முடிந்ததும் இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்கிறார்கள், 45, 46, 47. பலகைகளை அறுத்து வைத்துவிட்டேன்.