மூளைக்கு மூலிகைக் காப்பு உண்டா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. மூன்று மாதங்களுக்கு முன் மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு வலது கை விழுந்துவிட்டது. இப்போது ஓரளவு தேறியிருக்கிறார். ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் தொடரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். உறவினர் ஒருவரோ ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாரத்தில் செய்த மாத்திரை வாங்கி வந்து, இதனுடன் வல்லாரையும் மஞ்சளும் சாப்பிட்டால் மற்ற மாத்திரைகளே வேண்டாம் என்கிறார். ரத்த ஓட்டம் குறையும்போது தாவரப் பொருள்கள் மூளையைக் காக்குமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள், அம்மா. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. குழாய் அடைபட்டதும் நடுப்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சில நிமிடங்களில் மடிந்துவிடுகின்றன. அதைச் சுற்றியுள்ள பகுதி, பக்கத்துக் குழாய்களின் வழியே வரும் சொற்ப ரத்தத்தைக் கொண்டு, தன் வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு சில மணி நேரம் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் அணுக்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுவதும், ஆக்சிஜன் சார்ந்த நச்சுப் பொருள்கள் பெருகுவதும், அழற்சி பரவுவதும் சேதத்தை விரிவாக்குகின்றன. மஞ்சளில் உள்ள குர்குமின், வல்லாரையில் உள்ள ஏசியாட்டிக் அமிலம் ஆகியவை இச்சேதத்தைக் குறைப்பதை ஆய்வகத்தில் எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் உறவினரின் நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஆய்வகத்து எலிக்கு அடைப்பு எந்த நிமிடத்தில் ஏற்பட்டது என்பது தெரியும். பல சோதனைகளில் அடைப்புக்கு முன்பே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். மனிதரோ உறக்கத்தில் கை விழுந்து, விடிந்த பிறகு மருத்துவமனைக்கு வருகிறார். மேலும், உணவில் சேரும் குர்குமின் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஜிங்கோவைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்றே தெரிந்தது. அத்துடன் ஆஸ்பிரினோடு ஜிங்கோ சேரும்போது ரத்தக்கசிவுக்கு இடமுண்டு என்பதால், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைக் கொடுக்க வேண்டாம்.

இவ்வகையில் மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு முன்னேறியிருப்பது, செலரி விதையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பியூட்டைல்ப்தாலைடு என்ற பொருள். சீனா 2002இல் இதற்கு அனுமதி அளித்தது. அங்கே 1,216 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், 90ஆம் நாளில் நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் இம்மருந்து பெற்றவர்களில் 56.7 சதவீதம், பெறாதவர்களில் 44 சதவீதம். எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தரும் கணக்கு இது. ஆயினும் அந்த நோயாளிகள் அனைவருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, குழாய்வழி அடைப்பு நீக்கமோ செய்யப்பட்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் இரண்டு வாரங்கள் ரத்தக்குழாய் வழியாகவே இந்த மருந்தைச் செலுத்தினார்கள். இப்போது இது ஆலையில் தயாராகிறது. செலரியைச் சமைத்துச் சாப்பிடுவது இதற்கு ஈடாகாது.

வல்லாரைத் துவையலும் மஞ்சள் சேர்த்த குழம்பும் உணவாக இருக்கட்டும். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள், ஏனெனில் ரத்த அழுத்தம்தான் அவருக்குப் பெரிய எதிரி.

கேள்வி: வாய் கோணியவுடன் வீட்டிலேயே கஷாயம் ஏதாவது கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கஷாயம் மட்டுமல்ல, தண்ணீரும் கூடாது. அந்நேரத்தில் விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். கொடுப்பது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரினையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும்.