மோர்ஸின் கால் பங்குக்காரர்

அன்புள்ள ஐயா,

தந்திச் சோதனைக்கு மோர்ஸ் அமெரிக்க அரசிடம் பணம் வாங்கிய கதையை எழுதியிருந்தீர்கள். ஸ்மித் என்ற காங்கிரஸ் உறுப்பினரை அவர் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது லஞ்சம்தானே? கையில் காசில்லாதவருக்கு வேறு வழிதான் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லஞ்சம்தான். 1838இல் மோர்ஸ் வாஷிங்டனில் கருவியை இயக்கிக் காட்டியபோது, மெய்ன் மாநிலத்து ஃபிரான்சிஸ் ஸ்மித் பிரதிநிதிகள் சபையின் வணிகக் கமிட்டித் தலைவர். தந்தி உரிமையின் 16 பங்கில் 4 அவருக்கு என்று ஒப்பந்தமானது. அதை மூடி மறைத்துவிட்டு, சோதனைக்கு 30,000 டாலர் தரலாம் என்று கமிட்டி அறிக்கை கொடுத்தார். பங்கை எழுதிக் கொடுத்த மோர்ஸுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இவ்வளவு செய்தும் பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே ஸ்மித் சபையை விட்டுப் போய்விட்டார்.

வேறு வழி இருந்தது. 1842 டிசம்பரில் மோர்ஸ் மறுபடி வாஷிங்டன் போனார். காங்கிரஸ் கூடும் கேபிடல் கட்டடத்தில் இரண்டு கமிட்டி அறைகளுக்கு இடையே கம்பி இழுத்து, உறுப்பினர்களின் கண்ணெதிரே செய்தி அனுப்பிக் காட்டினார். பங்கு எதுவும் இல்லாத இயற்பியலாளர் ஜோசஃப் ஹென்றி அந்த ஆண்டு ஆதரித்துக் கடிதம் தந்திருந்தார். ஆனாலும் விவாதத்தில் டென்னசியின் கேவ் ஜான்சன் எழுந்து, பாதிப் பணத்தை மெஸ்மரிச (மனவசிய) ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமே என்று கேலி செய்தார். 1843 பிப்ரவரி 23 அன்று 89க்கு 83, ஆறே ஓட்டில் பணம் தரும் மசோதா பிரதிநிதிகள் சபையில் தப்பியது. எழுபது பேர் வரை ஓட்டே போடவில்லை! மார்ச் 3, கூட்டத்தொடரின் கடைசி நாளில், செனட்டும் ஒப்புக்கொண்டது. ஸ்மித் சபையில் இல்லாதபோதுதான் இதெல்லாம் நடந்தது.

அப்புறமும் அவர் விடவில்லை. அந்தப் பணத்தில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் போட்ட தந்தித் தடத்துக்குப் பள்ளம் தோண்டும் காண்டிராக்ட் அவருக்கே போனது. ஈயக் குழாய்க்குள் புதைத்த கம்பியில் மின்கசிவு ஏற்பட்டதால், கடைசியில் கம்பங்கள் நட்டுக் கம்பி கட்ட வேண்டியதாயிற்று. பணத் தகராறு மோர்ஸை வருடக்கணக்கில் துரத்தியது.

கேலி செய்த ஜான்சனை நான் மதிக்கிறேன். 1845இல் அவர் அஞ்சல்துறைத் தலைவரானதும், அந்தத் தடம் அவர் பொறுப்பிலேயே வந்தது. இவ்வளவு வலிமையான சாதனத்தைத் தனியார் கையில் விடக்கூடாது என்று அந்த ஆண்டு அறிக்கையில் எழுதினார். காங்கிரஸ் அதைக் கேட்கவில்லை. தந்தி தனியார் கம்பெனிகளுக்கே போனது.